எண்ணில் வராதவர்கள்

அத்தியாயம் பதினான்கு

அண்ணனும் தம்பியும் முகம் கொடுத்துப் பேசிப் பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது.

எல்லாம் அந்த ஊர்க் கூட்டத்தில் வந்த வினை. சாம்பல் கக்கியதால் நாற்பத்து மூன்று நாளாக மூடிக் கிடந்த ஹினோமி எரிமலைப் பாதையைத் திறந்தே ஆக வேண்டும் என்று அண்ணன் இசாவோ எழுந்து நின்று பேசினார். இன்னும் இருபது நாள் பொறுங்கள் என்றான் தம்பி கென்சாகு. மலையின் துடிப்பைக் கருவியில் பார்த்துக்கொண்டே இருப்பது தம்பியின் உத்தியோகம். மலைவாயைப் பார்க்க வருகிறவர்களை மேலே கூட்டிப்போவது அண்ணனின் பிழைப்பு. ஊர் அண்ணன் பக்கம் சாய்ந்தது, பாதை திறந்தது. அன்றிலிருந்து கென்சாகு அண்ணன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

இரண்டு பேருக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டவள் இசாவோவின் மனைவி சிகுசா.

"உங்க தம்பிக்கு நம்ம பொண்ணு மினோரி நிச்சயதார்த்தச் சாப்பாட்டுக்கு யார் சொல்றது?" என்று காலையில் கேட்டாள்.

"பசிச்சா வருவான்," என்றார் இசாவோ, காலணி நாடாவை இறுக்கிக்கொண்டே.

"நல்லா இருக்கு நியாயம். அவன் பொண்ணு மாதிரி வளர்த்த புள்ளைடி அவ!"

கோபத்தில் புருஷனை 'டி' போட்டுவிட்டோம் என்பது அவளுக்கு அப்புறம்தான் உறைத்தது. இசாவோ சிரித்துக்கொண்டே மலையேறப் போய்விட்டார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. இலை சிவக்கும் பருவம் வேறு. ஒன்பது மணிக்கே மூன்று பஸ் வந்து நின்றன.

பாதை தொடங்கும் இடத்தில் இருக்கிறது அவர்கள் கடை. கந்தக ஆவியில் அவித்த முட்டை, சூடான சூப், வாடகைக்கு ஹெல்மெட். கல்லாவுக்குப் பின்னால் ஒரு மரப்பலகை, அதில் அறுபது ஆணி, ஆணிக்கு ஒன்றாக எண் சுட்ட மரவில்லை. மேலே போகிறவர் ஒரு வில்லையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். இறங்கியதும் அதே ஆணியில் மாட்ட வேண்டும். ஆணி காலியாக இருந்தால் ஓர் ஆள் மேலே இருக்கிறார் என்று அர்த்தம். மலைவாயின் ஓரத்தில், கல் விழுந்தால் ஒதுங்கக் கட்டிய இரண்டு கான்கிரீட் கூடுகளில் நெருக்கியடித்து நின்றால் அறுபது பேர் பிடிக்கும். அதனால்தான் அறுபது வில்லை. அறுபத்தோராவது ஆள், யாராவது இறங்கும்வரை சூப் குடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பலகை சிகுசாவின் பொறுப்பு. இருபத்தைந்து வருடத்தில் ஒருநாள்கூடக் கணக்குத் தப்பியதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு, அதை அவள் மறைத்ததும் இல்லை.

"நெஞ்சுவலி இருக்கா? ஆஸ்துமா இருக்கா? இருந்தா இங்கேயே முட்டை சாப்பிடுங்க, மேல போக வேணாம்," என்று ஒவ்வொருவரிடமும் சொல்லி அனுப்பினாள்.

கேமராவும் கையுமாக ஓர் இளைஞன் கேட்டான். "அக்கா, இன்னைக்கு வெடிக்குமா?"

"வெடிக்காது."

அவன் முகம் தொங்கிப்போனது.

"நிச்சயமா வெடிக்காதுன்னும் சொல்ல முடியாது."

உடனே முகம் மலர்ந்துவிட்டது. இந்த ஜனங்களே இப்படித்தான் என்று சிகுசா நினைத்துக்கொண்டாள். வெடிக்கும் என்றால் பஸ் ஏறிவிடுவார்கள், வெடிக்காது என்றால் எதற்கு வந்தோம் என்று நிற்பார்கள். 'ஆபத்து, நிற்காதீர்' என்ற பலகைக்கு முன்னால்தான் எல்லோரும் நின்று படம் எடுப்பார்கள்.

பத்தரை மணிக்கு மினோரி சம்பந்தி வீட்டாரைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

குவாபாரா ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நகோயாவிலிருந்து மனைவி நத்சுயோவோடு வந்திருந்தார். ஒரு மணிக்கு வீட்டில் முழு மீன் சுட்டு, இரண்டு குடும்பமும் எதிரெதிரே உட்கார்ந்து, சம்பந்தம் பேசி முடிப்பதாக ஏற்பாடு. மாப்பிள்ளை ஹயாதேவுக்கு நகரத்தில் வேலை. நேராகச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தான்.

"என்கூட மலைக்கு வரேன்னுதான் சொன்னான். நேத்து ராத்திரி போன் பண்ணி, லீவு கிடைக்கலைன்னுட்டான்," என்றார் குவாபாரா. ஏமாற்றத்தை மறைக்கத் தெரியாத மனிதர்.

நத்சுயோ அடுப்போரமாக உட்கார்ந்துகொண்டாள். "எனக்கு ஆஸ்துமா. நான் முட்டைக் கட்சி. இவருக்குத்தான் பைத்தியம்."

"அப்படி என்ன சம்பந்தி, மேல பாக்குறதுக்கு?" என்று சிகுசா வம்புக்குக் கேட்டாள். "ஓட்டை, புகை, அழுகின முட்டை நாத்தம். அவ்வளவுதான்."

குவாபாரா விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. யோசித்துச் சொன்னார். "முப்பத்தெட்டு வருஷம் எல்லாம் நேரத்துக்கு நடந்தாகணும்னு பாத்துட்டு இருந்தேன். ஒரு நிமிஷம் தப்பினா விளக்கம் எழுதணும். எவன் அட்டவணைக்கும் கட்டுப்படாத ஒண்ணை, ஒரே ஒரு தடவை கிட்டப் போய்ப் பாக்கணும். பயமாத்தான் இருக்கு. அந்தப் பயத்தையும் சேத்துத்தான் பாக்கணும்."

சிகுசாவுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. மகள் நல்ல இடத்தில்தான் போய்ச் சேருகிறாள்.

குவாபாரா சுவரில் ஒட்டியிருந்த விதிகளை ஒன்றுவிடாமல் வாய்விட்டுப் படித்தார். "சங்கு ஊதினால் உடனே இறங்கவும். இறங்க முடியாவிட்டால் கூட்டுக்குள் புகவும். உள்ளே இருப்பவர்கள், தலைக்கு ஒருமுறை கைச்சங்கின் பிடியைச் சுற்றி ஒலிக்கவும். ம், நல்ல விதி. எத்தனை பேர்னு கீழே தெரிஞ்சுடும்." பிறகு கையை நீட்டினார். "என் வில்லை?"

பலகையில் ஒன்றே ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. எண் அறுபது. வரிசையில் அடுத்து, சியோலிலிருந்து வந்த ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். சிகுசா வில்லையை எடுத்து அந்தப் பெண்ணின் கழுத்தில் மாட்டிவிட்டாள்.

"உங்களுக்கு எதுக்கு சம்பந்தி? வில்லை வெளியாளுக்கு. வீட்டு மனுஷங்களை யாராவது எண்ணுவாங்களா?"

"இல்லம்மா, விதின்னா..."

"எங்க வீட்டுக்காரர் என்னைக்கும் மாட்டினதில்லை, மினோரி மாட்டினதில்லை. நீங்க இன்னைலேருந்து எங்க ஆளு. தயங்காம போங்க."

அந்த மலையில் அது வழக்கம்தான். கடைக்காரர்களும் வழிகாட்டிகளும் வில்லை எடுப்பதில்லை. இறங்கும்போதும் பலகைப் பக்கம் வராமல், கடையை ஒட்டிய கொட்டகைக்குப் பின்னால் உள்ள ஒற்றையடிப் பாதையில் இறங்கி, சாம்பலைத் தட்டிக் கைகால் கழுவிக்கொண்டுதான் உள்ளே வருவார்கள். பாதை மூடுவதற்கு முன்பு ஒருமுறை ஹயாதே வந்தபோது, மேலே போக அந்தப் பின்பாதையைக் காட்டிக்கொடுத்ததும் சிகுசாதான். 'வரிசையில என்னடா நிக்கிற, நீ வீட்டு ஆளு' என்று.

குவாபாரா வெறுங்கழுத்தைத் தடவிக்கொண்டு, ஹெல்மெட்டோடு மினோரியின் பின்னால் ஏறிப்போனார்.

பதினொன்றேகாலுக்கு மினோரி மட்டும் இறங்கி வந்தாள்.

"மாமாவை அப்பாகிட்ட விட்டுட்டேன். 'ஆபத்து வரக் கூடாதுன்னு நாமெல்லாம் குவாபாரா குவாபாரான்னு முணுமுணுப்போம், நீங்க அதையே பேரா வச்சுக்கிட்டு வந்திருக்கீங்க, மலை என்ன பண்ணிடும்'னு அப்பா ஒரே கிண்டல்."

"உங்கப்பாவுக்குப் பேசச் சொல்லியா கொடுக்கணும்? போ, அடுத்த கும்பலுக்கு ஹெல்மெட் எடு."

பதினொன்று நாற்பதுக்குக் கல்லா மேலிருந்த வாக்கிடாக்கி கரகரத்தது. கென்சாகுவின் குரல்.

"அண்ணி, துடிப்பு ஏறுது. எனக்குப் பிடிக்கலை. மூடுறேன்."

"எவ்வளவு நேரம் இருக்கு?"

"தெரியாது. எல்லாரையும் இறக்குங்க."

சொல்லி முடிப்பதற்குள் மலைச்சங்கு ஊதத் தொடங்கிவிட்டது. சிகுசா பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். ஓடி வருகிறவர்களிடம் வில்லையை வாங்கி வாங்கி மாட்டினாள். நான்கு, பதினேழு, முப்பத்திரண்டு. மினோரி அவர்களைப் பஸ்ஸுக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள். காலையில் வெடிக்குமா என்று கேட்டவன் கடைசிக்கு முந்தியவனாக, இன்னும் பின்னால் திரும்பிப் படம் எடுத்துக்கொண்டே வந்தான்.

"உசிரு வேணுமா, போட்டோ வேணுமா? ஏறுடா பஸ்ல!"

அவன் வில்லையைக் கொடுத்துவிட்டு ஓடினான். அவனுக்குப் பின்னால் சியோல் பெண் இருமிக்கொண்டே வந்தாள். அவள் கழுத்திலிருந்து அறுபதைக் கழற்றி மாட்டியதும் பலகை நிறைந்தது. சிகுசா இரண்டுமுறை விரல் வைத்து எண்ணினாள். வாக்கிடாக்கியை எடுத்தாள்.

"கென்சாகு, அறுபதும் வந்தாச்சு. மேல யாரும் இல்லை."

"நிச்சயமா?"

"பலகை நிறைஞ்சிருக்கு. எப்பத் தப்பியிருக்கு?"

"சரி. கேட்டை இறக்குறேன். மீட்புக்காரங்களைக் கீழ் ரோட்டுக்கு அனுப்பிடுறேன். நீங்களும் கிளம்புங்க அண்ணி."

பஸ்கள் போயின. மேலேறும் பாதையின் இரும்புக் கேட் இறங்கியது. சரியாகப் பன்னிரண்டு அடிக்க ஆறு நிமிடம் இருக்கும்போது, மலை கனமாக ஒருமுறை தும்மியது. கடையின் கண்ணாடிகள் அதிர்ந்தன. சாம்பல்நிறத் தூண் ஒன்று எழுந்து, தெற்குப் பக்கமாகச் சாய்ந்தது. கூரையில் பொடிக்கற்கள் சடசடவென்று விழுந்தன.

சிகுசா பதறவில்லை. எல்லோரும் இறங்கியாகிவிட்டது, அப்புறம் என்ன பதற்றம்? அடுப்பை அணைத்தாள். முட்டைச் சட்டியை மூடினாள். நத்சுயோவின் மேல்கோட்டை எடுத்துக் கொடுத்தாள்.

"எங்க வீட்டுக்காரர் இன்னும் கை கழுவிட்டு இருக்காரா?" என்று கேட்டாள் நத்சுயோ.

"கொட்டகையில இருப்பாங்க. கடைசி ஆள் இறங்கினப்புறம் மினோரி அப்பா பின்பாதையாத்தான் வருவாரு. மினோரி, போய்க் கூட்டிட்டு வாடி."

மினோரி போனாள். உடனே திரும்பி வந்தாள்.

"கொட்டகையில யாரும் இல்லம்மா. தண்ணித் தொட்டி அப்படியே இருக்கு. ஒருத்தரும் கை கழுவலை."

சிகுசாவின் கண் தானாகவே பலகைக்குப் போனது. அறுபது ஆணி, அறுபது வில்லை. எத்தனைமுறை பார்த்தாலும் அதேதான்.

வீட்டு மனுஷங்களை யாராவது எண்ணுவாங்களா?

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

"அப்பாகிட்ட வாக்கிடாக்கி இருக்கே, கூப்பிடு!"

மினோரி தன் இடுப்பைப் பார்த்தாள். "என்னுதுல பேட்டரி தீர்ந்து போச்சு. மேல போனப்போ அப்பா அவருடையதைக் கொடுத்துட்டாரு. 'நான் எங்க போகப்போறேன்'னாரு. அது இதும்மா."

சிகுசா கல்லா மேலிருந்த கருவியை எடுத்தாள். மினோரி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். குரலைத் தாழ்த்தினாள்.

"ஒரு பத்து நிமிஷம் பொறும்மா. அப்பாவுக்குத் தெரியாத மலையா? மாமாவைக் கூட்டிட்டு வந்துடுவாரு. எண்ணிக்கை தப்புன்னு சித்தப்பாகிட்ட சொன்னா அவரு மேலிடத்துக்கு எழுதியாகணும். எழுதினா பாதையை இனிமே திறக்கவே விட மாட்டாங்க. அப்பா ஊர்க் கூட்டத்துல மல்லுக்கு நின்னது அத்தனையும் போச்சு. கடையும் போச்சு."

அத்தனையும் உண்மை. சிகுசாவுக்கு அதில் ஒரு சொல்கூடத் தெரியாமல் இல்லை. இருபத்தைந்து வருடத்துக் கர்வம் போகும், பிழைப்பு போகும், இன்றைக்கு நிச்சயமாக வேண்டிய சம்பந்தமும் போகலாம். அடுப்போரத்தில் நத்சுயோ எழுந்து நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் கேட்டிருந்தது.

"கையை விடுடி," என்றாள் சிகுசா. "பத்து நிமிஷத்துல மீட்புக்காரங்க ஊருக்கே போய்ச் சேந்துடுவாங்க. நான்தான் இல்லைன்னு சொன்னேன். நான்தான் இருக்காங்கன்னு சொல்லணும்."

பொத்தானை அழுத்தினாள்.

"கென்சாகு. நான் சொன்ன எண்ணிக்கை தப்பு. மேல ரெண்டு பேர் இருக்காங்க."



"பலகை நிறைஞ்சிருச்சுன்னீங்களே அண்ணி."

"அவங்ககிட்ட வில்லை இல்லை. நான் கொடுக்கலை. சம்பந்தி கேட்டாரு, நான்தான் வேணாம்னுட்டேன். ஒண்ணு அவரு. இன்னொண்ணு உங்க அண்ணன்."

கென்சாகு கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் மீட்புக்காரர்களைத் திருப்பச் சொல்வது கேட்டது, பிறகு நிதானமாகத் திரும்பி வந்தான்.

"கடைசியா எந்தப் பக்கம் இருந்தாங்க?"

"மேற்கு ஓரம். கூட்டுக்குப் பக்கத்துல," என்று மினோரி எட்டிச் சொன்னாள்.

"காத்து தெற்கே அடிக்குது. மேற்கு ஓரமா இருந்தது நல்லதாப் போச்சு. ஆனா கல் விழுறது நிக்காம ஒருத்தரையும் மேல அனுப்ப மாட்டேன். மேல இருக்கிறது அண்ணனாவே இருந்தாலும் அனுப்ப மாட்டேன். அண்ணி, நீங்களும் போகக் கூடாது. உங்களைத் தெரியும், அதான் சொல்றேன்."

"போகலை."

"சத்தியமா?"

"போகலைடா!"

அவன் கருவியை வைக்கவில்லை. இரைச்சலுக்கு நடுவில் அவன் மூச்சு கேட்டுக்கொண்டே இருந்தது. கொஞ்சம் கழித்து, யாரிடமும் சொல்லாதவன்போல, "இருபது நாள் பொறுன்னேன், கேட்டானா?" என்றான். பன்னிரண்டு நாளில் அவன் அண்ணனைப் பற்றி மனம்விட்டுப் பேசியது அதுதான் முதல்முறை.

சிகுசா திரும்பி நத்சுயோவின் எதிரில் போய் நின்றாள். தரையைத் தொடுமளவுக்குக் குனிந்தாள்.

"என் தப்பு. அவர் கையை நீட்டிக் கேட்டாரு. வேற யார் மேலயும் இல்லை, என் தப்பு."

நத்சுயோ இழுப்பு வந்துவிடாமல் மூச்சை அளந்து அளந்து விட்டாள். கடைசியில் சொன்னாள். "ரயிலு வரக் கொஞ்சம் தாமதமானாலே நான் திட்டுவேன். அவரு, 'வந்துடும்டி, வராத ரயில் இல்லை'ம்பாரு. எழுந்திரிங்க. இப்ப குனிஞ்சு என்ன ஆகப்போகுது? வெளியே போய்க் காதைக் கொடுங்க. அவரு விதியைப் படிச்சாரே, சங்கைச் சுத்தாம இருக்க மாட்டாரு."

அது சிகுசாவுக்கே மறந்துபோயிருந்தது. மூன்று பேரும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கூரை இறக்கத்தின் கீழ் போய் நின்றார்கள். சாம்பல் மாவு சலித்ததுபோல மெல்லப் பெய்துகொண்டிருந்தது. பஸ் போன ரோடு வெளுத்துக் கிடந்தது. ஊர் முழுவதும் வாயை மூடிக்கொண்ட மாதிரி ஒரு சத்தம் இல்லை.

பன்னிரண்டேகால். ஒன்றும் கேட்கவில்லை.

பன்னிரண்டு இருபது. மினோரி அம்மாவின் கையைப் பிடித்தாள். சிறுபிள்ளையாக இருந்தபோது பிடித்தது, அதற்கப்புறம் இப்போதுதான்.

அப்போது மேலே கரடுமுரடாக ஒரு சத்தம் எழுந்தது. துருப்பிடித்த கைச்சங்கு. நீளமாக ஒருமுறை ஊதி நின்றது.

"ஒண்ணு," என்றாள் மினோரி.

இரண்டாவது தடவை ஊதியது.

நத்சுயோ அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மினோரி ஓவென்று அழுதாள். சிகுசா கருவியை வாயருகே கொண்டுபோய், "கென்சாகு, ரெண்டு! ரெண்டு ஊதிச்சுடா! உங்க அண்ணன் இருக்காரு!" என்று கத்தினாள்.

"கேட்டுச்சு அண்ணி. இங்கேயும் கேட்டுச்சு." அவன் சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை.

பிறகு மூன்றாவது தடவை ஊதியது.

தவறிச் சுற்றியதாக இருக்காது. முந்தின இரண்டைப் போலவே நீளமாக, நிதானமாக ஊதி நின்றது. நாலாவது வரவில்லை.

"அண்ணி," என்றான் கென்சாகு. "மூணாவது யாரு?"

சிகுசா உள்ளே ஓடினாள். பலகையை ஓர் ஆணி விடாமல் தடவிப் பார்த்தாள். அறுபதும் அங்கேயே இருந்தன. இருபத்தைந்து வருடத்தில் அவள் அந்தக் கருவியில் சொல்லாத ஒரு சொல்லைச் சொன்னாள்.

"தெரியலை."

வெளியே நத்சுயோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, மகனுக்கு நல்ல செய்தியைச் சொல்லப் போனை எடுத்திருந்தாள். மணி போனது. போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. "வண்டி ஓட்டிட்டு இருப்பான்," என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு மறுபடி அழுத்தினாள்.

மினோரி அழுகையை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தாள். சிகுசாவும் அவளைப் பார்த்தாள். ஹயாதேவுக்குக் காட்டிக்கொடுத்த பின்பாதை இருவருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது.

சிகுசா இழுப்பறையைத் திறந்து எண் சுடாத மூன்று வில்லைகளை வெளியே எடுத்தாள். ஒன்றில் இசாவோ என்று எழுதினாள். ஒன்றில் குவாபாரா என்று எழுதினாள்.

மூன்றாவதில் எழுத அவளுக்குக் கை வரவில்லை. பேனாவைப் பிடித்தபடி, நத்சுயோவின் போனில் அடுத்த மணி போவதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.